சவலை

ராயபுரத்தில் ‘ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி’ என்றால் ஆட்டோக்காரருக்கு வேறு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சத்திரம் கட்டினாரே, சவலை ராமசாமி முதலியார்... அவருடைய கொடையில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பிரசவ ஆஸ்பத்திரி. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையின் பல தலைமுறைகள் முதன்முதலாக அழுதது அங்கேதான்!

அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். வாசலில் பாட்டியின் இடுப்பில் முதல் வாண்டு. ‘‘தம்பிப் பாப்பா வேணுமா, தங்கச்சிப் பாப்பா வேணுமா?’’ என்று கேட்டுப் பாருங்கள். ‘‘ரெண்டும் வேணாம், போ!’’ நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒரு காலத்தில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

முதலியார் பெயருக்கு முன்னால் நிற்கும் அதே சொல், நம் வீடுகளில் ஒரு குழந்தையைக் குறிக்கும். சவலைப் பிள்ளை! தாய் மறுபடி உண்டானதும் ‘கர்ப்பிணியின் பால் ஆகாது’ என்று மார்பில் வேப்பெண்ணெய் தடவி, மூத்ததைப் பால் மறக்க வைப்பார்கள். பிறகு வெறும் கஞ்சிதான். கொஞ்ச நாளில் கை, கால் சூம்பும். வயிறு முன்னால் தள்ளும். எந்நேரமும் நைநை என்று அழுகை. ‘பொறாமை பிடிச்ச புள்ள’ என்று அதற்கு நாலு அடியும் விழும். பொறாமை இல்லை சார், பசி!

இதே கதை ஆப்பிரிக்காவின் இன்னொரு துறைமுக நகரத்தில் மருத்துவ வரலாறே ஆனது. கோல்டு கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட கானாவின் அக்ராவில், ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் வேலை பார்த்தார். உடல் வீங்கி, தோல் உரிந்து குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. ‘இதற்கு என்ன பேர்?’ என்று உள்ளூர்ப் பெண்களைக் கேட்டார். ‘குவாஷியோர்கர்’ என்றார்கள். கா மொழியில் அதன் பொருள், அடுத்த குழந்தை பிறந்ததும் பதவி இறக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய். ‘புது நோயெல்லாம் இல்லை’ என்று வாதாடிய நிபுணர்களும் உண்டு. வில்லியம்ஸ் மசியவில்லை. 1935-ல் ‘லான்செட்’ இதழில் அந்தப் பெயரையே அச்சேற்றினார். 1950-களில் நம்ம சேலத்துக்காரர் டாக்டர் சி. கோபாலன், குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இதே நோயை ஆராய்ந்தார்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், கடல் கடந்த இரண்டு கரைகளிலும் பெண்கள் இதை முன்பே கண்டுபிடித்து, பேரும் வைத்துவிட்டார்கள். டாக்டர்கள்தான் லேட்!

சவலை இங்கே எப்படிக் குறைந்தது? ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ ஒரு காரணம். 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.9 குழந்தைகள். 2020-ல் 1.4. எம்.ஜி.ஆரின் சத்துணவும் கைகொடுத்தது. 1982-ல் அது தொடங்கும்போதே 2 வயசுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. பாலை மறந்த பிள்ளைக்குச் சோறு கிடைத்தது.

பசி போச்சு. ‘வேணாம்’ போகவில்லை. சொல்லப்போனால், தனியாக ராஜ்ஜியம் பண்ணும் வருஷங்கள் கூடக்கூட அதன் குரலும் கூடியது. ஒற்றைக் குழந்தைச் சட்டத்தைச் சீனா தளர்த்திய சமயம், 2015 ஜனவரியில் வூஹான் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. 44 வயது அம்மா மறுபடி கர்ப்பம். 13 வயது மகள் பள்ளிக்கூடம் போக மறுத்தாள். வீட்டை விட்டு ஓடிவிடுவேன் என்றாள். உயிரை விட்டுவிடுவேன் என்றாள். பெற்றோர் பயந்துபோனார்கள். 13 வாரக் கருவை அந்த அம்மா கலைத்துக்கொண்டார்.