பிசைபவரின் முனகல்: ரொட்டி மாவும் இயந்திரத்தின் அளவும்

பிரெஞ்சு ரொட்டிக்கூடங்களில் மாவு பிசைந்த தொழிலாளிக்கு ‘ஜேந்த்ர்’ என்ற பெயர் வழங்கியது. முனகுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லும் அதே ஒலிப்பை உடையது. மரத்தொட்டியின் மேல் குனிந்து, கனத்த மாவைத் தூக்கித் தூக்கி அடிக்கையில் அவர் எழுப்பிய முனகலே அவருக்குப் பெயராயிற்று என்று மக்கள் கருதினர். சொற்பிறப்பியல் இதை ஏற்பதில்லை. பெயர்ச்சொல், ‘இளையவர்’ எனப் பொருள்படும் ‘யூனியர்’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. வினைச்சொல்லோ ‘கெமெரே’ என்னும் வேறொரு லத்தீன் வினையின் வழிவந்தது. ஒலிமாற்றங்களின் போக்கில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. ஆயினும் இந்தப் பிழையான பொருத்தத்தில் ஒரு சமூக உண்மை தங்கியுள்ளது. கூடத்தின் மிகக் கடினமான வேலை இளையவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேலை அவரை முனகவும் வைத்தது.

மாவு பிசையும் இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ‘யார் கண்டுபிடித்தார்?’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘எவ்வளவு மாவு பிசைபவருக்கு இயந்திரம் கிடைத்தது?’ என்று கேட்டால் வேறொரு வரலாறு புலப்படும். அதில் பெரிய அளவில் உற்பத்தி செய்தவர்களே முதலில் உடலுழைப்பிலிருந்து விடுபட்டனர். சிறிய அளவில் உழைத்தவர்கள் நெடுங்காலம் கைகளையே நம்பியிருந்தனர்.

கோதுமை மாவு பிசையப்படுவதற்குக் காரணம் அதிலுள்ள புரதம். இத்தாலியின் பொலோஞாவில் யாகோபோ பெக்காரி, கோதுமை மாவை நீரில் கழுவி மாச்சத்தை நீக்கியபின் எஞ்சும் பசைப்பொருளை 1728இல் விளக்கினார். அவரது உரை 1745இல் அச்சேறியது. குளூட்டன் எனப்படும் அப்பொருள், நீரும் அசைவும் சேரும்போது வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பிடித்துவைப்பது இந்த வலையே. வலை உறுதிப்பட உறுதிப்பட மாவு இழுப்புக்கு எதிர்த்து நிற்கும். அதாவது, பிசைபவர் தம் வேலையை எவ்வளவு சரியாகச் செய்கிறாரோ, அந்த வேலை அவ்வளவு கடினமாகிறது.

இந்தச் சிக்கலை ரோமானியர் அறிந்திருந்தனர். பாம்பேயி நகரின் ரொட்டிக்கூடங்களில் எரிமலைக் கல்லால் ஆன பிசைதொட்டிகள் கிடைத்துள்ளன. தொட்டியின் நடுவே செங்குத்தான தண்டு, அதில் மரக்கரங்கள், தொட்டியின் பக்கச்சுவரில் துளையிட்டுச் செருகிய கட்டைகள். கரங்களோடு சேர்ந்து மாவும் வெறுமனே சுற்றிவராமல் தடுப்பதே அக்கட்டைகளின் பணி. ரோம் நகரில் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த யூரிசாக்கீஸ் என்னும் ரொட்டி வணிகரின் கல்லறைச் சிற்பத்தில், விலங்கைக் கொண்டு இயக்கும் பிசைதொட்டி இடம்பெற்றுள்ளது. விலங்கையும் கல்தொட்டியையும் வைத்திருக்கத்தக்க பெருவணிகரின் கருவி அது.

அதன்பின் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மனிதக் கைகளே மாவு பிசைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகர ரொட்டிக்காரர் லாம்பேர் ஒரு பிசைபொறியை அறிமுகப்படுத்தினார். ஆனால் இயந்திரம் இருப்பதும் அது தொழிலாளியை வந்தடைவதும் ஒன்றல்ல. 1860களில் லண்டன் ரொட்டித் தொழிலாளர் நிலை குறித்து டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையைக் கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விரிவாகப் பயன்படுத்தினார். இரவு 11 மணியளவில் வேலை தொடங்கும். மாவின் அளவைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம்வரை பிசைய வேண்டும். பிறகு அந்தத் தொட்டியின் மூடிப்பலகை மீதே, ஒரு சாக்கை விரித்து இன்னொன்றைத் தலையணையாகச் சுருட்டி, இரண்டு மணி நேரம் போலத் தூக்கம். 1863இல் இயற்றப்பட்ட சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரை இரவு 9 மணி முதல் காலை 5 மணிவரை வேலை வாங்குவதைத் தடைசெய்தது. ‘இளையவர்’ என்ற பழைய பிரெஞ்சுப் பெயரின் பொருளை இச்சட்டத்தோடு சேர்த்து வாசிக்கலாம்.

அமெரிக்காவிலும் நிலை வேறாக இல்லை. நியூயார்க்கில் சிறு ரொட்டிக்கூடங்கள் பல, குடியிருப்புக் கட்டடங்களின் நிலவறைகளில் இயங்கின. அங்கே வேலைநேரத்தை நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என வரையறுத்த 1895ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை, லாக்னர் வழக்கில் 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. அரசியலமைப்புச் சட்ட மாணவர்கள் இதனை ஒப்பந்தச் சுதந்திரம் பற்றிய வழக்காகப் படிக்கின்றனர். அதன் பின்புலத்தில் நிலவறையும் மாவும் கைகளும் இருந்தன என்பது எளிதில் மறந்துபோகிறது.

இந்தச் சூழலில்தான் சிறு இயந்திரம் பிறந்தது. ஹோபார்ட் நிறுவனப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு ரொட்டிக்காரர் உலோகக் கரண்டியால் மாவைக் கலக்குவதைக் கண்டு 1908இல் மின்கலக்கி பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அதன்வழி வந்த 80 குவார்ட், அதாவது சுமார் 76 லிட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம், 1910களில் பெரிய ரொட்டிச்சாலைகளிலும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிலும் இடம்பிடித்தது. 1919இல் கிச்சன்எய்டு என்ற பெயரில் வீட்டுக்கான எச்-5 வெளிவந்தது. அதன் கிண்ணம் 5 குவார்ட் கொள்வது, எடை ஏறத்தாழ 29 கிலோ, விலை 189.50 டாலர். ஆக, இன்று சமையல் மேடையில் நிற்கும் ஸ்டாண்ட் மிக்சர், வீட்டுக் கரண்டி வளர்ந்து உருவானதன்று. ரொட்டிச்சாலைப் பொறி சுருங்கி உருவானது.

கிண்ணம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாவின் இயல்போ சுருங்கவில்லை. ஒரு கணக்கு இதை விளக்கும். இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வகத்தில் 1961இல் உருவான அதிவேகப் பிசைமுறை, ஒரு கிலோ மாவுக்கு ஏறத்தாழ 11 வாட்-மணி ஆற்றலைச் சில நிமிடங்களில் செலுத்துகிறது. மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டுமெனில் ஒரு கிலோவுக்கு 220 வாட் மாவுக்குள் சென்றாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு 1,100 வாட். வீட்டு இயந்திரங்களில் பல, சில நூறு வாட் மின்சாரமே எடுப்பவை. அதிலும் ஒரு பகுதி மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் வெப்பமாக வீணாகும். எனவேதான் சிறு இயந்திரத்தில் பெருமளவு மாவை இட்டால் மோட்டார் சூடேறுகிறது. மாவு கொக்கியைச் சுற்றி மேலேறி அதனுடனேயே சுழல்கிறது. சில இயந்திரங்களில் மோட்டாரைக் காக்கும்பொருட்டு ஒரு பற்சக்கரம் முதலில் தேய்ந்து முறியுமாறே வடிவமைக்கப்பட்டுள்ளது. பாம்பேயித் தொட்டியின் பக்கக் கட்டைகள் எதைத் தடுத்தனவோ, அதுவே இங்கும் நிகழ்கிறது. இன்றைய பெரிய சுருள் பிசைபொறிகளில் நடுவே நிற்கும் தடுப்புத் தண்டு செய்வதும் அக்கட்டைகளின் வேலையைத்தான்.

வலிமை போதாத இடத்தில் காலம் துணைக்கு வருகிறது. பிரெஞ்சு ரொட்டி ஆசிரியர் ரேமோன் கல்வெல், அதிவேகப் பிசைதல் மாவை மிகையாக ஆக்சிஜனேற்றி, அதன் இளமஞ்சள் நிறத்தையும் சுவையையும் அழிக்கிறது என்று கண்டித்தவர். 1974இல் அவர் முன்வைத்த ‘ஓட்டோலிஸ்’ முறை எளியது. மாவையும் நீரையும் மட்டும் கலந்து இருபது, முப்பது நிமிடம் அப்படியே விடவேண்டும். அதற்குள் குளூட்டன் தானே பின்னத் தொடங்கிவிடும். பிசையும் நேரம் குறையும். 2006இல் நியூயார்க் டைம்ஸ் வழியாகப் பரவலான ஜிம் லேஹியின் முறையில், ஈரம் மிகுந்த மாவு சுமார் 18 மணி நேரம் கிடக்கிறது, பிசைதலே இல்லை. சிறு இயந்திரத்தில் பெருமளவு மாவைக் கையாள்வோர் இக்கொள்கையையே பின்பற்றலாம். இயந்திரத்தின் வரம்புக்கேற்ப மாவைப் பகுதிகளாகப் பிரித்துக் குறைந்த வேகத்தில் கலப்பது. ஒரு பகுதி கலக்கப்படுகையில் மற்றொன்றை ஊறவிடுவது. இறுதியில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் சேர்த்து, இடைவெளிவிட்டுக் கையால் இழுத்து மடிப்பது. இயந்திரம் கலக்குகிறது, காலம் பின்னுகிறது, கை முடித்துவைக்கிறது.

இதனைக் கைவினையின் வெற்றி என்று மட்டும் கொண்டாடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. காத்திருத்தலும் உழைப்பே, அதற்குக் கூலி கணக்கிடப்படுவதில்லை என்பதே வேறுபாடு. 2020இன் ஊரடங்குக்குப் பின் வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்போர், குடும்பத்துக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் கடைக்கான அளவைப் பிசைய முயல்கின்றனர். லண்டன் தொழிலாளி தொட்டிப்பலகை மீது உறங்கிய இரண்டு மணி நேரமும், மாவு ஊறும்வரை இவர்கள் விழித்திருக்கும் நேரமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுமே மாவின் கால அட்டவணைக்கு உடல் பணிந்துபோன நேரங்கள். தொழிலாளர் வரலாறு முதல்வகை நேரத்துக்கு அறிக்கைகளையும் சட்டங்களையும் வழக்குகளையும் சான்றாகக் கொண்டுள்ளது. இரண்டாம் வகை, சமையலறையின் தனிப்பட்ட பொழுதாகவே எண்ணப்பட்டு, எந்த ஆவணத்திலும் பதிவாகாமல் போகிறது. இயந்திரத்தின் அளவிலிருந்து தொடங்கும் வரலாறு, அந்தப் பொழுதையும் உழைப்பின் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.