தரவு வகை மாற்றம்

நிரலில் ஒரு வகையாக இருக்கும் மதிப்பை வேறு வகையாக்குவது தரவு வகை மாற்றம். நிரலர்கள் பேச்சில் இது டைப் காஸ்டிங். சரமாக வந்த "12"-ஐ எண்ணாக்குவதும், 3.9 என்ற மிதவைப் புள்ளி எண்ணை முழு எண்ணாக்குவதும் இதில் அடங்கும். சில மாற்றங்களை நிரலர் எழுதிக் கேட்க வேண்டும். சிலவற்றை மொழி தானாகவே செய்துவிடும்.

மொழிக்கு மொழி வழக்கம் வேறு. பைத்தானில் "12" + 5 என்று எழுதினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி "125" என்று தரும். "12" - 5 என்றாலோ கழித்து 7 தரும். சி மொழியில் 3.9 முழு எண்ணானால் 3 தான், 4 அல்ல. பின்னம் அப்படியே வெட்டப்படும்.

சிறிய வகையிலிருந்து பெரிய வகைக்குப் போவதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. சிக்கல் எதிர்த்திசையில்தான். குறியுள்ள 16 பிட் முழு எண்ணில் -32,768 முதல் 32,767 வரை மட்டுமே அடங்கும். ஜாவாவில் 40,000-ஐ அந்த வகைக்கு மாற்றச் சொன்னால், நிரல் ஓடும்போது எந்தப் பிழையும் காட்டாமல் -25,536 வந்து நிற்கும். அடா மொழி இதே இடத்தில் பிழை எழுப்பும். ரஸ்ட் மொழியின் 1.45 பதிப்பு (2020) முதல், எல்லை மீறும் மிதவைப் புள்ளி எண் முழு எண்ணாகும்போது எல்லை மதிப்பிலேயே நிறுத்தப்படுகிறது. சி மொழி, அத்தகைய மாற்றத்தின் விளைவை வரையறுக்கவே இல்லை.

பிழை எழுப்பும் மொழியே பாதுகாப்பு என்று நம்பிவிடவும் கூடாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண், 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. அடாவில் எழுதிய நிரல் பிழையைச் சரியாகவே எழுப்பியது. அதை வாங்கிக் கையாளும் வரிகள்தான் இல்லை. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் முதன்மைக் கருவி, மாற்றுக் கருவி இரண்டிலும் ஒரே நிரல் இருந்ததால் இரண்டும் நின்றுபோயின. நிரல் முந்தைய ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை என்பதுதான் கொடுமை.

இதற்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்பே, இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு பிழை நேர்ந்தது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட அந்தத் தீவிலிருந்து 1993 செப்டம்பர் 20 அன்று பிஎஸ்எல்வி-டி1 ராக்கெட், ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோளுடன் புறப்பட்டது. இரண்டாம் நிலை பிரிந்தபோது எதிர்பாராத அளவுக்கு ராக்கெட் நிலைகுலைந்தது. அதைச் சமாளிக்கப் பிறந்த கட்டுப்பாட்டுக் கட்டளை உச்ச வரம்பைத் தாண்டியது. ராக்கெட்டின் மேல்-கீழ்ச் சாய்வைக் கவனிக்கும் பிட்ச் கட்டுப்பாட்டு நிரலில், வரம்பு மீறினால் மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. இதை வகை மாற்றப் பிழை என்று சொல்வது சரியாகாது. ஆனால் அடங்காத மதிப்பை என்ன செய்வது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. இயல்பான மதிப்புகளை மட்டும் கொடுத்து எத்தனை முறை சோதித்தாலும் இந்த ரகப் பிழை சிக்காது. வரம்பைத் தாண்டிய மதிப்பை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த பிஎஸ்எல்வி-டி2, 1994 அக்டோபர் 15 அன்று ஐஆர்எஸ்-பி2-ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.