முதுகில் தைத்த பெயர்: மில்பெரா கொலைகளும் திரையும்

1984 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவில் அன்று தந்தையர் தினம். சிட்னியின் தென்மேற்குப் புறநகரான மில்பெராவில் வைக்கிங் டேவர்ன் என்ற மதுவிடுதியின் கார் நிறுத்துமிடத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகச் சந்தை நடந்துகொண்டிருந்தது. பழைய பாகங்களை விற்க, வாங்க, சும்மா வேடிக்கை பார்க்க எனக் குடும்பங்கள் வந்திருந்தன. கொமான்செரோ என்ற மோட்டார் சைக்கிள் கும்பல் ஆயுதங்களோடு முதலில் வந்தது. அதிலிருந்து பிரிந்துபோன பாண்டிடோஸ் கும்பல் பிறகு வந்தது. அவர்களிடமும் ஆயுதங்கள் இருந்தன. துப்பாக்கிச் சத்தம் அடங்கியபோது ஏழு பேர் செத்துக் கிடந்தார்கள். நான்கு பேர் கொமான்செரோ, இரண்டு பேர் பாண்டிடோஸ். ஏழாவது, எந்தக் கும்பலையும் சேராத ஒரு பெண். அவளுக்கு வயது 14.

இந்தச் சம்பவத்தை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி 2012-இல் நாடகத் தொடராக்கியது. நெட்வொர்க் டென் ஒளிபரப்பிய 'பைக்கி வார்ஸ்: பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆறு பகுதிகள் கொண்டது. சாண்ட்ரா ஹார்வி, லிண்ட்சே சிம்ப்சன் என்ற இரு பத்திரிகையாளர்கள் 1989-இல் எழுதிய நூல்தான் அதற்கு அடிப்படை. ஒரு கொலை திரைக்கு வருவதில் புதுமை ஏதுமில்லை. மில்பெராவின் கதையில் கவனிக்கவேண்டியது வேறு. இந்தக் கும்பல்கள் திரைக்குப் போவதற்கு முன்பே திரையிலிருந்து வந்தவை.

நம்மூர்க்காரர்களுக்கு மோட்டார் கும்பல் என்றதும் மாட் ரெம்பிட்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. மாட் ரெம்பிட் இரவு நேரச் சாலைகளில் சாகசம் காட்டும் இளைஞர் கூட்டம். ஆஸ்திரேலியர்கள் 'பைக்கி' என்று சொல்வது தலைவர், செயலாளர், உறுப்பினர் கூட்டம், சந்தா, விதிமுறை எல்லாம் கொண்ட ஒரு சங்கத்தின் ஆள். கையில்லாச் சட்டையின் முதுகில் சங்கத்தின் பெயரும் சின்னமும் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் துணியை இன்னொருவன் பறித்துவிட்டால், உயிரைப் பறித்ததற்குச் சமம். நம் பழைய குண்டர் கும்பல்களோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும். ஆனால் அவை ரகசியமாக இயங்கின. இவர்கள் பெயரை முதுகிலேயே எழுதிக்கொண்டு ஊர்வலம் போனவர்கள்.

இந்தக் கோலம் எங்கிருந்து வந்தது? 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிறுநகரில் ஒரு மோட்டார் சைக்கிள் விழா நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெருங்கூட்டம். குடி, கூச்சல், சாலையில் பந்தயம், சில கைதுகள். ஒரு கொலைகூட இல்லை. ஆனால் 'லைஃப்' இதழில் ஒரு படம் வந்தது. காலிப் பீர் போத்தல்களுக்கு நடுவே, வண்டிமேல் சாய்ந்தபடி, கையில் போத்தலோடு ஒருவன். அது ஏற்பாடு செய்து எடுத்த படம் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. 1951-இல் ஃப்ராங்க் ரூனி இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். சிறுகதை 1953-இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' திரைப்படமானது. இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1967 வரை அந்தப் படத்துக்கு அனுமதி தரவில்லை.

தணிக்கையாளர்களின் பயம் முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலின் தலைவர் ஒருவர், அந்தப் படத்தில் லீ மார்வின் போட்டிருந்த கோடு போட்ட சட்டையை ஹாலிவுட்டுக்கே போய் வாங்கிவந்து போட்டுக்கொண்டு திரிந்தார். நடிகன் ரவுடியைப் போலச் செய்தான். ரவுடி நடிகனைப் போல உடுத்தினான். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்பது அப்போதே குழம்பிப்போச்சு.

ஆஸ்திரேலியக் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. கொமான்செரோவை உருவாக்கிய வில்லியம் 'ஜாக்' ராஸ், ஸ்காட்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். ஜான் வேய்ன் நடித்து 1961-இல் வந்த 'தி கொமான்செரோஸ்' படத்திலிருந்து தன் சங்கத்துக்குப் பெயர் எடுத்தார். பாண்டிடோஸ் 1966-இல் டெக்சாஸில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கும்பல். அதன் சின்னத்தில் அகலத் தொப்பியும் ஆயுதமுமாக நிற்கும் குண்டு மெக்சிகோக்காரன், ஒரு சோளப் பொரி விளம்பரத்தில் வந்த கார்ட்டூன் உருவத்தைப் பார்த்து வரைந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு பக்கம் கௌபாய் படம், மறுபக்கம் தொலைக்காட்சி விளம்பரம். இந்த இரண்டு பெயர்களுக்காகத்தான் மில்பெராவில் ஆட்கள் செத்தார்கள்.

ராஸ் தன் சங்கத்தை ராணுவப் படை மாதிரி நடத்தினார். பயிற்சி உண்டு, கட்டளை உண்டு, கேள்வி கேட்க முடியாது. 1983-இல் ஆன்டனி ஸ்பென்சர் தலைமையில் ஒரு பகுதியினர் பிரிந்தார்கள். 'ஸ்னாடி' என்று அழைக்கப்பட்ட ஸ்பென்சர் அமெரிக்கா போய் பாண்டிடோஸைச் சந்தித்து, அந்தப் பெயரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். நேற்றுவரை ஒரே மேசையில் குடித்தவர்கள் எதிரெதிர் சட்டைக்குள் போனார்கள். சில மாதங்கள் உரசல், அடிதடி. பிறகு போர் என்று அவர்களே அறிவித்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான்.

நாடகத் தொடர் ராஸ், ஸ்பென்சர் இருவரையும் மையத்தில் நிறுத்துகிறது. ராஸாக மேத்யூ நேபிள், ஸ்பென்சராக காலன் மல்வே. இறுகிய தலைவன் ஒருவன், அவனை நம்பி வந்து மனம் உடையும் தம்பி ஒருவன். பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஸ்பென்சர் வழக்கு விசாரணைக்கு முன்பே, 1985-இல், சிறையில் தற்கொலை செய்துகொண்டார். துன்பியல் நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? குற்ற நாடகத்துக்கு ஒரு முகம் தேவை. முகத்தின் பின்னால் ஒரு காயம் தேவை. அது கிடைத்துவிட்டால் பார்ப்பவர்கள் அந்த மனிதனின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிடுவார்கள். இது அந்தத் தொடரின் குறை மட்டுமல்ல, வடிவத்தின் இயல்பு.

நீதிமன்றம் இந்தக் கதையை வேறு விதமாகச் சொன்னது. 43 பேர்மீது வழக்குப் போடப்பட்டது. ஒவ்வொருவர்மீதும் ஏழு கொலைக் குற்றச்சாட்டுகள். பாண்டிடோஸைச் சேர்ந்த ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 1987 ஜூனில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில், நீதிபதி ஏட்ரியன் ரோடன் முன்னிலையில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கொலைக் குற்றம் 63. கொலை என்ற அளவுக்குப் போகாத மரணம் விளைவித்த குற்றம் 147. பொது இடத்தில் கைகலப்பு செய்த குற்றம் 31.

முதல் இரண்டு எண்களை ஏழால் வகுத்துப் பாருங்கள். 9, 21. மிச்சம் வராது. குற்றவாளி என்று முடிவான ஒவ்வொருவனும் ஏழு சாவுக்கும் சேர்த்தே பதில் சொல்லவேண்டியிருந்தது. யார் சுட்டான், எவன் தோட்டா யார்மேல் பட்டது என்பது இதில் கடைசிக் கேள்வியல்ல. ஆயுதத்தோடு கூட்டாகப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்தே போனவர்கள், நடந்தது எல்லாவற்றுக்கும் கூட்டாகப் பொறுப்பு. கூட்டு நோக்கம் என்று சட்டம் இதைச் சொல்கிறது. இதன்படி ஒரு கொமான்செரோ, தன் பக்கத்தில் விழுந்த கொமான்செரோவின் சாவுக்கும் குற்றவாளி. சகோதரத்துவம் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னதை நீதிமன்றம் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. ஒன்றாகப் போனீர்கள் அல்லவா, ஒன்றாகவே பதில் சொல்லுங்கள்.

அதோடு, தலைமைக்கு உரிய பங்கையும் அது மறக்கவில்லை. ஆயுதங்களோடு கும்பலாகப் போவது என்ற முடிவுக்கு முதன்மைப் பொறுப்பு ராஸுடையது என்று கண்டு, அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அங்கே தீர்ப்பு விழுந்தது செயலுக்கு. பின்னர் காற்று மாறியது. 2009 மார்ச்சில் சிட்னி விமான நிலையத்துக்குள்ளேயே கொமான்செரோவும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் மோதியதில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். பயணிகள் கண்முன்னே நடந்தது. சில வாரங்களில் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு சங்கத்தைக் குற்ற அமைப்பு என்று அறிவித்து, அதன் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதையே தடைசெய்ய அது வழி செய்தது. அப்படி அறிவிக்கும் நீதிபதி காரணம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. காரணம் சொல்லாத நீதிபதி நீதிமன்றத்தின் அடிப்படையையே அரித்துவிடுவார் என்பது அதன் கருத்து.

தொடர் ஒளிபரப்பானது அதற்கு அடுத்த ஆண்டு. 28 வருடப் பழைய ரத்தத்தைத் தொலைக்காட்சி ஏன் தோண்டியது என்பதற்கு இந்தச் சூழலும் ஒரு விடை. செய்தியில் பைக்கி பயமுறுத்துகிறான், எட்டரை மணி நாடகத்தில் கவர்கிறான். முதுகில் பெயர் தைத்தவனை அந்தப் பெயருக்காகவே தண்டிக்கலாம் என்று நினைக்கும் சட்டமும், அந்தப் பெயருக்காகவே அவனை வியக்கும் திரையும், ஒரு விஷயத்தில் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்கின்றன. இரண்டுக்கும் சட்டைதான் கண்ணில் படுகிறது. 1987-இல் ஜூரிகள் பார்த்தது ஒரு ஞாயிறு மதியத்தில் அந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை.

அந்த 14 வயதுப் பெண்ணை எந்த நாடகத்தாலும் மையத்துக்குக் கொண்டுவருவது கடினம். அவளுக்கு யாரோடும் பகையில்லை, யாருக்கும் விசுவாசமில்லை. கதை நகர அவளால் எந்த உதவியும் கிடையாது. சந்தைக்கு வந்தாள், செத்தாள். நாடகம் கேட்பது காரணம். அவள் சாவில் அவளுக்குச் சொந்தமான காரணம் ஒன்றுமே இல்லை.

குற்றப்பத்திரிகையில் அப்படியில்லை. கொமான்செரோ ஒருவனுக்கு ஓர் எண் என்றால் அவளுக்கும் ஓர் எண். அந்த 63-இல் ஒன்பது அவளுடையது. 147-இல் இருபத்தொன்று அவளுடையது. முப்பது தடவை அவள் சாவுக்குக் குற்றவாளி என்ற பதில் சொல்லப்பட்டிருக்கிறது.