கடாரத்துக் கற்களும் தோட்டத்து நிலமும்

கடாரம் என்னும் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் தமிழ் மாணவன் எவனும் முதலாவதாகச் சொல்லும் பெயர் இராசேந்திர சோழன் என்பதாகும். 'கடாரங்கொண்டான்' என்ற விருதுப்பெயர் பாடநூலிலும் மேடையிலும் இடம்பெற்று நிலைத்துவிட்டது. ஆனால் அக்கடாரம் எத்தகைய ஊர், அங்கு வாழ்ந்தோர் செய்த தொழில் யாது, அவர்கள் விட்டுச் சென்றவை எவை என்று கேட்டால், விடை எளிதில் வருவதில்லை. அந்த விடை தொலைதூரத்தில் இல்லை. கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கைப்பட்டாணி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஓர் அரும்பொருட் காட்சிச்சாலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டத்து நிலங்களிலும் அது கிடக்கின்றது. நூலில் படித்த வெற்றியைக் காட்டிலும் விரிவான ஒரு வரலாற்றை அக்கற்கள் சொல்லுகின்றன.

மலையும் மரக்கலமும்

வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே வந்த மாலுமிகளுக்கு வழிகாட்டியாக நின்றது ஜெராய் மலை. ஏறத்தாழ 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, தாழ்ந்த நிலத்தின் நடுவே கடலோரத்தில் தனித்து எழுந்து நிற்பதால் வெகு தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படும். மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறும், அதற்கும் தெற்கே மூடா ஆறும் கடலோடு கலக்கின்றன. பண்டைக் காலத்தில் மெர்போக் கழிமுகம் இன்றுள்ளதைக் காட்டிலும் அகன்று, கடல்நீர் நிலத்தினுள் வெகுதூரம் புகுந்திருந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. இன்று செம்பனை நிற்கும் இடங்கள் சில அன்று படகுத்துறைகளாக இருந்தன.

இத்துறைக்கு ஏற்றம் தந்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் கிழக்கே வந்த கலங்கள், வடகிழக்குப் பருவக்காற்று எழும் வரையில் திரும்ப இயலாது. அதுகாறும் வணிகர் கரையில் தங்கியாக வேண்டும். தங்கியவருக்கு உணவும் நன்னீரும் பண்டகசாலையும் வேண்டும். வழிபடுவதற்கு ஓர் இடமும் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் வழிபாட்டிடங்கள் எழுந்தமைக்குரிய காரணத்தை முதலில் இங்கேதான் தேட வேண்டும், போர்க்களத்தில் அன்று.

சோழர் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இத்துறை பேர்பெற்றிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்து அங்காடியில் குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருள்களையும் சேர்த்துரைக்கின்றது. காழகம் என்பது கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்ட பொருள். 671ஆம் ஆண்டில் கான்டன் துறையிலிருந்து புறப்பட்ட சீனத் துறவி இ-சிங், இந்தியா செல்லும் வழியில் இங்குத் தங்கிச் சென்றார். வடமொழியாளர் இவ்வூரைக் கடாகம் என்றனர்.

நிலத்திலிருந்து எழுந்த சான்றுகள்

இவ்வட்டாரத்துப் பழம்பொருள்களை முதலில் கருத்தோடு நோக்கியவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1834ஆம் ஆண்டில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் அவர் கண்டெடுத்த கல்லில் அடுக்குக் குடைகளோடு கூடிய ஒரு தூபியின் உருவமும் வடமொழி எழுத்துகளும் உள்ளன. செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியின் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டும் என்பது அதன் கருத்து. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டளவினது என்பர். கல் கல்கத்தா இந்திய அரும்பொருட் காட்சிச்சாலைக்குச் சென்றது. இவ்வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஒரு மன்னனின் வெற்றியைக் கூறாமல், ஒரு மாலுமியின் வேண்டுதலைக் கூறுவது கருதத்தக்கது.

முறையான அகழாய்வு 1936–37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பவராலும் அவர்தம் துணைவியாராலும் நடத்தப்பெற்றது. அவர்கள் ஏறத்தாழ முப்பது இடங்களைக் கண்டு, அவற்றுக்கு வரிசை எண் இட்டனர். அக்காலத்தில் அந்நிலத்தின் தோற்றம் முற்றும் மாறியிருந்தது. 1909இல் கெடா ஆங்கிலேயர் மேலாண்மைக்குள் வந்த பின்னர், காடுகள் அழிக்கப்பெற்றுப் பால்மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. பழைய அடித்தளங்கள் சில கம்பங்களிலும், சில வயல்களிலும், சில தோட்டங்களிலும் மண்மூடிக் கிடந்தன.

அத்தோட்டங்களில் மரம் சீவியோருள் பெருந்தொகையினர் தமிழர். அவர்களைப் பினாங்குக்கு ஏற்றி வந்த கப்பல்களின் துறைகளுள் ஒன்று நாகப்பட்டினம். அதே நாகப்பட்டினத்தில்தான், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் ஒரு புத்த விகாரத்தை நிறைவு செய்தான். முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1006ஆம் ஆண்டளவில், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை இச்செய்தியைத் தெரிவிக்கின்றன. சைவப் பேரரசன் ஒருவன் கடல்கடந்த நாட்டரசனின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்த நட்பும், இருபது ஆண்டுகளுக்குள் அவன் மைந்தன் 1025இல் அதே நாட்டின் மேல் கடற்படை செலுத்திய பகையும் ஒரே வணிகப் பெருவழியின் இரு பக்கங்களாகும். அவ்வெற்றியின் பின் சோழர் இங்கு நிலையான ஆட்சி அமைத்ததாகத் தெரியவில்லை. 1068ஆம் ஆண்டளவில் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை அடைந்த அதன் அரசனுக்கே திரும்ப அளித்ததாக அவன் கல்வெட்டே கூறுகின்றது. போர் சில திங்களில் முடிந்தது. வாணிகமோ பல நூற்றாண்டு நீடித்தது.

காட்சிச்சாலையில் காண வேண்டியவை

ஜெராய் மலையடிவாரத்தில் அமைந்த பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சிச்சாலை 1980ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் அருகில் ஓடையோரத்தில் நிற்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்பது பழைய கோயிலைக் குறிக்கும் மலாய்ச் சொல். பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். வேல்ஸ் எட்டாம் எண் இட்ட இடம் இது. அலஸ்டேர் லாம்ப் என்னும் ஆய்வாளர் 1950களின் இறுதியில் இதனை மீண்டும் அகழ்ந்தார். 1960ஆம் ஆண்டளவில் கற்கள் ஒழுங்குபடுத்தி அடுக்கப்பெற்றன. பெண்டியாட், பெண்டாங் டாலாம் என்னும் இடங்களிலிருந்த அடித்தளங்களும் பின்னர் இவ்வளாகத்துக்குக் கொணர்ந்து அமைக்கப்பெற்றன.

தஞ்சைப் பெரியகோயிலை மனத்தில் கொண்டு வருவோர் இங்கு ஏமாற்றம் அடைதல் உண்டு. வானளாவும் விமானம் இல்லை; சிற்பத் தூண்கள் இல்லை; கற்படிகளும் தாழ்ந்த மேடையுமே உள்ளன. ஆனால் கூர்ந்து நோக்கினால் அமைப்பு விளங்கும். கருவறைக்குரிய பகுதி ஒன்று. அதன் முன்னே மண்டபம் ஒன்று. இன்றும் காட்சிச்சாலையார் இவற்றை விமானம், மண்டபம் என்ற பெயர்களாலேயே குறிக்கின்றனர். மேடையின்மீது வரிசையாக உள்ள கற்கள் மரத்தூண்களைத் தாங்கியவை. கூரையும் தூணும் மரத்தால் ஆனமையால் மழையிலும் ஈரத்திலும் அவை அழிந்தன. கல் மட்டும் எஞ்சியது. இந்திய வழிபாட்டு அமைப்பை இந்நாட்டுத் தச்சரும் கல்வினைஞரும் இந்நாட்டு மரத்தாலும் ஆற்றுக் கல்லாலும் செங்கல்லாலும் தமக்கேற்பப் படைத்துக்கொண்டனர் என்பதே இக்கற்கள் தரும் பாடம். சோழர் கட்டிய கோயில் என்று இவற்றைப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. புக்கிட் பத்து பஹாட் கோயிலின் காலத்தை வேல்ஸ் 7, 8ஆம் நூற்றாண்டு என்றார்; பின்வந்தோர் 10, 11ஆம் நூற்றாண்டு என்பர். காலம் பற்றிய கருத்து வேறுபடினும், கட்டடமுறை உள்நாட்டினது என்பது கண்கூடு.

காட்சிச்சாலையினுள்ளே, கோயில் அடியில் புதைக்கப்பெற்றிருந்த கற்பேழைகள் உள்ளன. பொன்னும் மணியும் இட்டுப் புதைக்கும் கருப்பேழை வழக்கம் அவற்றால் புலனாகின்றது. வழிபாட்டுப் பீடங்களையும் உடைந்த திருவுருவங்களையும் காண்போர், அருகே வைக்கப்பெற்ற ஓட்டுச் சில்லுகளைக் கடந்து சென்றுவிடுதல் கூடாது. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான்களும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், பலவகை மணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சீனரும் அரபியரும் தென்னிந்தியரும் உள்நாட்டாரும் ஒரே துறையில் பண்டம் மாற்றிக்கொண்டதற்கு அவையே சான்று.

செம்பனை நிழலில் இரும்புலை

கடாரத்தின் வரலாற்றை வேறொரு கோணத்தில் காட்டியது சுங்கை பத்து. பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் பகுதியில், செம்பனை நிலத்தின் நடுவே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும், துருத்தியோடு பொருத்தும் மண்குழல்களும், இரும்புக் கிட்டமும், ஆற்றங்கரைத் துறைக் கட்டடங்களும், செங்கல்லால் ஆன வட்ட வடிவச் சின்னம் ஒன்றும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகத் தொன்மையானவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது. எனினும், வந்த வணிகர் வெறுங்காட்டில் இறங்கவில்லை. தொழில் அறிந்த மக்கள் வாழ்ந்த ஊரில் இறங்கினர் என்பது தெளிவு. அவர்கள் உருக்கிய இரும்பும் அத்துறையின் செல்வங்களுள் ஒன்று.

இழந்ததும் எஞ்சியதும்

மண் ஆயிரம் ஆண்டு காத்ததை மனிதர் சில நாளில் அழித்துவிட முடியும். 2013ஆம் ஆண்டில், வேல்ஸ் வரிசையில் பதினோராம் எண் பெற்ற சண்டி, தனியார் நிலத்தில் வீடமைப்பு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்டது என்ற செய்தி அவ்வாண்டு டிசம்பரில் வெளியாகி நாடெங்கும் வருத்தத்தை விளைவித்தது. நாட்டில் மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றிருந்தது. ஆயினும் ஏட்டில் எண் இருந்தும், நிலத்தில் காவல் இல்லை. நூலில் உள்ள எண்ணை அறிஞர் அறிவர். இடிக்க வந்த இயந்திரம் அறியாது. அருகில் வாழும் மக்கள் அதன் பெருமையை அறிந்திருந்தால் மட்டுமே முதற்குரல் உரிய வேளையில் எழும்.

ஆகவே பள்ளி ஆசிரியரின் பொறுப்பு பெரிது. வகுப்பில் கடாரங்கொண்டான் பாடம் வரும் நாளில், மெய்க்கீர்த்தியை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், மாணவரைக் கடாரத்துக்கே அழைத்துச் செல்லலாம். புறப்படுமுன் பருவக்காற்றின் திசையை நிலப்படத்தில் குறிக்கச் செய்க. அங்குச் சென்றதும், கோயில் மேடையில் எத்தனை தூண்கற்கள் உள்ளன என்று எண்ணி, அதன் தரைப்படத்தை வரையச் செய்க. மரத்தூணும் கூரையும் எவ்வாறு இருந்திருக்கும் என்று அவர்களே ஊகித்துச் சொல்லட்டும். பீங்கான், மணி, கண்ணாடி ஒவ்வொன்றும் எத்திசையிலிருந்து வந்தது எனப் பட்டியல் இடட்டும். பின்னர் சுங்கை பத்துக்குச் சென்று, உலைக்களத்தைக் காணட்டும். ஒரே நாளில் இவ்வளவும் செய்யலாம்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்து, பள்ளிகள் சில இடம் பெயர்ந்துவிட்ட காலம் இது. தம் பாட்டனார் வேலை செய்த நிலத்தின் அடியில் கிடந்தது யாது என்று அறியாமலேயே ஒரு தலைமுறை நகரம் சென்றுவிட்டது. கடாரத்தை வென்ற கதையை அறிவது பெருமைதான். அதனைவிடப் பெரிது, கடாரத்தைக் காக்கும் அறிவு. மலாய் மாணவரும் சீன மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே நின்று பார்க்கத் தக்க கற்கள் அவை. அவர்கள் மூவர்தம் முன்னோரும் சந்தித்த துறை அது. அக்கற்களின் எண்ணிக்கை இனிக் குறையாதிருக்கச் செய்வது, அவற்றின் வரலாற்றை இளையோருக்குச் சொல்லும் ஆசிரியர் கையில் உள்ளது.