புறநானூற்றில் இருக்கும் புள்ளிகள்

புறநானூறு வீட்டில் இருந்தால் எடுத்து 266ஆம் பாட்டுக்கு அப்புறம் புரட்டிப் பாருங்கள். 267, 268 என்ற எண்களுக்குப் பாட்டே இருக்காது. அதைத் தாண்டினால் பல பாட்டுகளில் சொற்களுக்கு நடுவே வரிசையாகப் புள்ளிகள். சில இடத்தில் ஒரு சீர் மட்டும் இல்லை, சில இடத்தில் அடியே இல்லை. படிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அவைதான் சுவாரசியம்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது கையில் இருந்தவை பூச்சி அரித்த, ஓரம் ஒடிந்த ஏடுகள். பழைய உரையும் முதல் 266 பாட்டோடு நின்றுபோகிறது. உரை நின்ற இடத்துக்குப் பிறகுதான் சிதைவும் அதிகம். இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். மூலத்தில் ஒரு சொல் போனாலும் உரையில் அதன் பொருள் இருக்கும், அதை வைத்து மீட்டுவிடலாம். உரை இல்லாத பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது.

சரி, ஓட்டை இருந்தால் புள்ளி வைப்பதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இங்கேதான் யாப்பைக் கவனிக்க வேண்டும். புறப்பாட்டுகள் பெரும்பாலும் ஆசிரியப்பா. அடிக்கு நாலு சீர். ஆகவே எத்தனை சீர் போயிருக்கிறது என்று பல இடங்களில் எண்ணிச் சொல்லிவிடலாம். எதுகை மோனையை வைத்து, போன சொல் எந்த எழுத்தில் தொடங்கியிருக்கும் என்றுகூட ஊகிக்கலாம். சாமிநாதையரோ மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். நினைத்த நேரத்தில் செய்யுள் இயற்றும் கூட்டத்தில் வளர்ந்தவர், தாமும் பாட்டு எழுதியவர். பொருத்தமாக ரெண்டு சீரை எழுதி நுழைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நூறு வருஷம் கழித்து நாம் அதைச் சங்கப் பாட்டு என்று மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம்! அவர் புள்ளி வைத்தார்.

ஏட்டில் எழுதியவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், அடி பிரித்தும் எழுத மாட்டார்கள். படியெடுப்பவர் சிதைந்த இடத்தில் கொஞ்சம் இடம் விட்டால் உண்டு. விடாமல் தொடர்ந்து எழுதிவிட்டால், அடுத்த பிரதியில் ஓட்டை இருந்த தடயமே போச்சு. மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளியும் ‘இங்கே அகரம் இல்லை’ என்று சொல்வதுதானே? இல்லாததைக் காட்டப் புள்ளி வைப்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை.

கல்வெட்டு படிப்பவர்களும் அழிந்த எழுத்துக்குப் புள்ளி, சந்தேகமான எழுத்துக்குச் சதுர அடைப்பு என்று பழக்கம் வைத்திருந்தார்கள். கிரேக்க, லத்தீன் ஆவணங்களுக்கு 1931இல் லெய்டன் நகரில் கூடிய அறிஞர்கள் பொது விதி வகுத்தார்கள்: எழுத்துக் கணக்கு தெரிந்தால் அத்தனை புள்ளி, தெரியாவிட்டால் கோடு. தமிழ்ப் பதிப்புகளில் அந்த அளவு ஒழுங்கு வரவில்லை. ஒரே மாதிரிப் புள்ளிவரிசை ஒரு சீருக்கும் வரும், பல அடிகளுக்கும் வரும். மறுபதிப்புகளில் இன்னும் குழப்பம்.

ஆனாலும் புள்ளி இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தது. ஔவை துரைசாமிப் பிள்ளை தம் பதிப்பில் வேறோர் ஏட்டுப் பிரதியின் துணையோடு சில இடங்களை நிரப்பினார். இன்றைக்கு இணையத்தில் பாட்டை வெட்டி ஒட்டுகிறவர்கள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று புள்ளிகளைத் தூக்கிவிடுகிறார்கள். பழைய ஏடெழுதி செய்த அதே வேலை. இருப்பதை வைத்து இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருள் சொன்னால் எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும்.

எல்லா ஓட்டையும் அடைபடவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. நற்றிணையில் 234ஆம் பாட்டு இல்லை. இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக வரும் ஒரு பாட்டுதான் அது என்று சொல்பவர்கள் உண்டு. சில பதிப்புகளில் அந்தப் பாட்டை அங்கே பார்க்கலாம். அதை அங்கே அச்சிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தால் சரி.