கலம் காத்த கவிதை

தமிழில் ‘கலம்’ என்னும் ஒரே சொல் மட்பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடிக் கிடந்த காட்சியை 1998ஆம் ஆண்டில் உலகம் கண்டது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை அடுத்த கடலடியில் பழங்கால மரக்கலம் ஒன்று கண்டறியப்பட்டது. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பெற்ற அது, அரபு நாட்டு முறையில் அமைந்தது. அதனுள் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. கிண்ணம் ஒன்றில் கீறப்பட்டிருந்த நாட்குறிப்பு, தாங் மரபினர் ஆண்ட கி.பி. 826ஆம் ஆண்டினைச் சுட்டியது.

அக்கலங்களுள் மிகப் பெரும்பாலானவை ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகருக்கு அணித்தாக, சியாங் ஆற்றங்கரையில் இருந்த துங்குவான் சூளைகளில் சுடப்பட்டவை. இவை நுண்ணிய பீங்கான் அல்ல. கடுஞ்சூட்டில் இறுகி மெருகேறிய வன்மட்கலங்கள். பெரிய சாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள்சுருளாக அடுக்கி அனுப்பினர். ஒரு சாடியில் நூற்றுக்கு மேற்பட்டவை அடங்கின. நீலவண்ணம் தீட்டிய வெண்ணிறத் தட்டுகள் மூன்றும் உடன் கிடைத்தன. பின்னாளில் உலகச் சந்தையை ஆண்ட நீலவெண் பீங்கானின் முன்னோடிகள் அவை.

கடல் கடந்து வாங்குவோரின் மனமறிந்து தொழிற்பட்டவர் சாங்ஷா வேட்கோவர். பறவை, மீன், தாமரை ஆகியவற்றோடு அரபு எழுத்தை ஒத்த கோடுகளையும் கிண்ணங்களில் தீட்டினர். தாம் அறியாத மொழியின் எழுத்து, அவர்கள் தூரிகையில் ஓவியமாயிற்று. இச்சூளைக் கலங்களின் உடைசல்கள் பாரசீக வளைகுடாவின் சிராப் துறையிலும் ஈழத்து மாதோட்டத்திலும் கிடைத்திருப்பது, இவ்வணிகம் எத்துணைத் தொலைவு பரந்திருந்தது என்பதைக் காட்டும்.

அதே வேட்கோவர் மற்றொன்றும் செய்தனர். கெண்டிகளின் உடலில், மூக்கின் கீழே, கவிதை எழுதினர். பெரும்பாலும் வரிக்கு ஐந்து எழுத்துகள் கொண்ட நான்கு வரிப் பாடல்கள் அவை. பிரிவும் வழிநடையும் வேனிலும் கள்ளும் காதலும் அவற்றின் பொருள். பாடியவர் பெயர் காணப்படுவதில்லை. கடலில் மூழ்கிய கிண்ணங்கள் சிலவற்றிலும் இத்தகைய பாடல்கள் உள. அரபு எழுத்து சீனக் குயவர்க்கு ஓவியமானது போலவே, சீனக் கவிதையும் அதனைப் படிக்க அறியாத அயல்நாட்டார்க்கு அழகிய கோடுகளாகவே சென்றிருக்கும்.

1705ஆம் ஆண்டில் காங்ஷி பேரரசர் தாங் காலக் கவிதைகள் அனைத்தையும் தொகுக்குமாறு ஆணையிட்டார். 2,200க்கு மேற்பட்ட புலவர்களின் ஏறத்தாழ 49,000 பாடல்கள் ஒரு பெருந்தொகையாயின. எனினும், இன்று சாங்ஷா கலங்களிலிருந்து அறியப்பெறும் நூறளவான பாடல்களுள் மிகச் சிலவே அதில் இடம்பெற்றுள்ளன. தொகுத்தோர்மீது குறையில்லை. ஏட்டில் இருந்தவற்றையே அவர்கள் தொகுக்க இயலும். ஏடேறாத பாட்டோ மண்ணுக்குள் கிடந்தது. 1950களில் துங்குவான் சூளைமேடுகள் கண்டறியப்பட்ட பின்னரே அது வெளிவரத் தொடங்கியது.

விற்பனைக்காகப் புறப்பட்ட அக்கப்பற்சரக்கு, ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்து விற்பனைக்காகவே மேலெடுக்கப்பட்டது. தொல்லியல் நெறி பேணப்படவில்லை என்று அறிஞர் பலர் கண்டித்தனர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி 2011இல் கைவிடப்பட்டது. சரக்கின் பெரும்பகுதி இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வணிகம் கவிதைக்குப் பகை என்பார் உளர். துங்குவான் சூளை வேறொன்று கூறுகிறது. பேரரசின் பெருந்தொகை அறியாது விட்ட பாடல்களை, சில காசுக்கு விற்ற கெண்டி காத்துத் தந்தது. பாடியவன் பெயரும் எழுதியவன் பெயரும் மறைந்தன. பாட்டு மட்டும் மெருகின் அடியில் மங்காமல் இருக்கிறது. எந்தத் தொகை நூலைக் கையில் எடுக்கும்போதும், அதற்கு வெளியே நின்ற குரல்களையும் ஒருகணம் நினைப்பது கவிதையை நேசிப்போர் கடனாகும்.