சோர்ந்து போகவும் உரிமை வேண்டும்

"விடிஞ்சா கூலிக்கு ஓடுற சனத்துக்கு ஏதுங்க மனச்சோர்வு? அதெல்லாம் வசதியானவங்களுக்கு வர்ற வியாதி." ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் தோழர் ஒருவர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இதே கருத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ அறிவியல் என்ற பெயரில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். யார் அச்சடித்தார்கள், யாரைப் பற்றி என்று தெரிந்தால் அந்தத் தோழரே அதிர்ந்து போவார்.

1953இல் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கர்களின் மனம் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. எழுதியவர் ஜே.சி. கரோதர்ஸ். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கென்யாவில், நைரோபி மத்தாரி மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர். ஆப்பிரிக்கர்களிடம் மனச்சோர்வு மிக அரிது, தன்னைத்தானே நொந்துகொள்ளும் குற்றவுணர்வு அவர்களிடம் இல்லை, மூளையின் முன்பகுதியை அவர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது அவர் முடிவு.

மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துத்தான் இதையெல்லாம் கணித்தார். காலனிய ஆட்சியில் மனநல மருத்துவமனைக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் ஊருக்குத் தொல்லை என்று கருதப்பட்டவர்கள். குடிசை மூலையில் சோறு தண்ணி இறங்காமல் சுருண்டு கிடந்த பெண்ணை யாரும் வண்டி வைத்து அங்கே கூட்டிவரவில்லை. வராதவளைக் கணக்கில் சேர்க்காமல், அவளுக்கு நோயே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

அல்ஜீரியாவில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பிரான்ஸ் ஃபனோன், 1961இல் வந்த தன் நூலில் இந்த வாதத்தைத் தோலுரித்தார். அதற்கு ஓராண்டு முன்னதாக, மார்கரெட் ஃபீல்ட் என்ற ஆய்வாளர் கானாவின் கிராமத்துச் சாமிமடங்களில் தான் கண்டதைப் புத்தகமாக்கியிருந்தார். "நான்தான் சூனியக்காரி, என்னால்தான் எல்லாம் கெட்டது" என்று தங்களைத் தாங்களே குற்றம்சாட்டியபடி அங்கே வந்த பெண்களில் பலருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு. நோய் அங்கேயேதான் இருந்தது. பார்க்கத்தான் யாரும் போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனச்சோர்வுக்கு முதல் மருந்துகள் கிடைத்ததும் அதே 1950களில்தான். நியூயார்க்கில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிடுவதைக் கண்டார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டறிந்தார். ஒரு பக்கம் மருந்து பிறக்கிறது. மறுபக்கம், அந்த நோயே இல்லாத மக்கள் என்று ஒரு கூட்டத்தை ஒதுக்குகிறார்கள். நோயே இல்லை என்றால் மருந்து எதற்கு, மருத்துவர் எதற்கு?

இது முதல் மறுப்பு. இரண்டாவது மறுப்பை நாம் கண்ணெதிரே பார்த்தோம். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். அதற்கு முன் அவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். மத்திய அரசு அமைத்த ஒருநபர் விசாரணை ஆணையமோ, அவருடைய சொந்த விரக்தியே காரணம், பாகுபாடு காரணமல்ல என்றது. அன்று "உனக்குத் துயரமே கிடையாது" என்றார்கள். இன்று "துயரம் உண்டு, ஆனால் அது உன் சொந்தச் சமாச்சாரம்" என்கிறார்கள். இரண்டிலும் குற்றவாளிக் கூண்டு காலியாகவே இருக்கிறது.

இதற்குப் பதிலாக நாமும் ஒரு தவறு செய்கிறோம். "இது நோயல்ல, சாதி" என்று சொல்லி மருத்துவரையே தவிர்க்கிறோம். சாதி காயப்படுத்துகிறது என்பதும், அந்தக் காயத்துக்குச் சிகிச்சை வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. தலை உடைந்தால் வன்கொடுமை வழக்கும் போடுகிறோம், தையலும் போடுகிறோம் அல்லவா?

அன்றாட மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது இருக்கும். கூடவே தூக்கம் கெடும், பசி மாறும், உடம்பு ஓயும், கவனம் சிதறும், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தோன்றும், சாவு பற்றிய எண்ணம் வரும். நம் மக்களில் பலர் இதை மனசு என்று சொல்வதில்லை. "நெஞ்சு பாரமா இருக்கு, கை கால் அசதி" என்பார்கள். சத்து மாத்திரையோடு வீடு திரும்புவார்கள்.

இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பாதியில் தானாக நிறுத்தக்கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவை அணுகலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை நம் உரிமையாக்கியிருக்கிறது. ஒருவரின் சமூக நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

மருத்துவர் பற்றாக்குறைக்கும் வழி காட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே. ஜிம்பாப்வேயின் ஹராரேவில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அதிகமாக யோசிப்பது என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற தங்கள் ஊர்ச் சொல்லிலேயே அவர்கள் நோயைப் பேசினார்கள். அதனால் பலன் கிடைத்தது என்பதை 2016இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. எந்த மக்களுக்குத் துயரமே இல்லை என்று எழுதினார்களோ, அந்த மண்ணின் பாட்டிகள் இன்று உலகத்துக்கு வைத்தியம் சொல்லித் தருகிறார்கள்.

நம் இயக்கங்களிலும் அப்படி ஒரு பெஞ்ச் வேண்டும். "போராளி சோரலாமா?" என்று கேட்பதை நிறுத்துவோம். கூட்டத்துக்கு வராமல் போன தோழருக்கு இன்று ஒரு போன் போடுங்கள். உங்களுக்கே பாரமாக இருந்தால் 14416க்கு அழையுங்கள், அரசின் இலவச எண் அது.

ஜெய் பீம்.